விண்மீன்களைச் சூழ்ந்த தூசு வட்டு

நாம் வாழும் இந்நிலவுலகம் எவ்வாறு தோன்றிற்று என்னும் வினா மிகப் பழமையானது. ஒவ்வொரு நாட்டு மக்களும் தத்தம் அறிவுக்கு எட்டியவாறு அதற்கு விடை கூறி வந்துள்ளனர். வானநூல் வல்லார் கூறிய விடையும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கருத்தளவிலேயே நின்றது. அக்கருத்துக்குக் கண்கூடான சான்றாக ஓர் ஒளிப்படம் 1984ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. அப்படம் கிடைத்த வரலாறும், அதன்பின் அறிஞர் கண்ட உண்மைகளும் நாம் அறிந்து மகிழத் தக்கன.

ஞாயிற்றைச் சுற்றி எட்டுக் கோள்கள் இயங்குகின்றன. அவை யாவும் ஒரே திசையில் சுற்றுகின்றன. ஏறத்தாழ ஒரே தளத்தில் சுற்றுகின்றன. மேலும் கீழும் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவதற்குப் பரந்த வெளி இருந்தும், ஒரு தாம்பாளத்தின்மேல் உருளும் மணிகளைப் போல அவை ஒரு தளத்திலேயே சுழல்வது ஏன்? முற்காலத்தில் நெற்களத்தில் மாடுகளை வரிசையாகப் பிணைத்துப் போரடிப்பர். அம்மாடுகள் ஒரே திசையில் வட்டமிட்டு வருதலைத் தொலைவிலிருந்து காண்பவன், இடையிலுள்ள கயிறு தன் கண்ணுக்குத் தெரியாவிடினும், அவை ஒரு தாம்பில் பிணைக்கப்பட்டவை என உணர்வான். அவ்வாறே கோள்களின் ஒழுங்கைக் கண்ட அறிஞரும், அவற்றைப் பிணைக்கும் பொதுக் காரணம் ஒன்று இருத்தல் வேண்டும் என்று எண்ணினர்.

செருமானிய மெய்ப்பொருள் அறிஞராகிய இம்மானுவேல் காண்ட் என்பவர் 1755ஆம் ஆண்டிலும், பிரெஞ்சு நாட்டுக் கணித வல்லாராகிய லாப்லாஸ் என்பவர் 1796ஆம் ஆண்டிலும் இதற்கு விளக்கம் கூறினர். அவர்தம் கருத்தை இக்கால அறிவியல் திருத்தியும் விரித்தும் பின்வருமாறு கூறும். விண்வெளியில் வளியும் நுண்ணிய தூசும் கலந்த பெருமுகில்கள் உள்ளன. அத்தகைய முகிலின் ஒரு பகுதி தன் ஈர்ப்பினால் தானே சுருங்கத் தொடங்கும். முதலில் மிக மெல்லச் சுழன்றுகொண்டிருந்த அப்பகுதி, சுருங்கச் சுருங்க விரைந்து சுழலும். கயிற்றின் நுனியில் சிறு கல்லைக் கட்டிச் சுழற்றும் சிறுவன், அக்கயிறு தன் விரலில் சுற்றிக் குறுகுமாறு விடுவானாயின், கல் மேன்மேலும் விரைந்து சுற்றுதலைக் காண்பான். சுழலும் விரைவு, முகிலின் நடுத்தளத்திலுள்ள பொருள் மையத்தை நோக்கி விழுவதைத் தடுக்கும். மேலும் கீழும் உள்ள பொருள் நடுத்தளத்தில் வந்து படிவதைத் தடுக்காது. ஆகவே முகில் தட்டையாகும். நடுவே திரண்ட பொருள் விண்மீனாகும். சுற்றிலும் எஞ்சிய பொருள் வட்டாகும். அவ்வட்டிலுள்ள தூசு ஒன்றோடொன்று ஒட்டி, மணலாகி, கல்லாகி, குன்றாகி, முடிவில் கோளாகத் திரளும். ஒரே வட்டில் பிறந்தமையால் கோள்கள் யாவும் ஒரே தளத்தில் ஒரே திசையில் சுற்றுகின்றன.

இவ்விளக்கம் பொருத்தமாகவே தோன்றுகின்றது. ஆயினும், பொருத்தமாகத் தோன்றுவன யாவும் உண்மை ஆகிவிடா. அறிவைப் பெறும் வழிகளை நம் முன்னோர் அளவைகள் என்றனர். கண்ணால் நேரே காண்பது காட்சியளவை. கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதலளவை. மலையில் புகையைக் கண்டு ஆங்கு நெருப்புண்டு எனத் துணிதல் கருதலளவைக்குப் பண்டையோர் காட்டும் எடுத்துக்காட்டாகும். காண்டும் லாப்லாசும் கூறியது கருதலளவையால் பெற்ற முடிபு. அதனைக் காட்சியளவையால் உறுதிப்படுத்துவது எங்ஙனம்? நம் ஞாயிற்றைச் சூழ்ந்திருந்த வட்டு 450 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்து போயிற்று. அதனை இனிக் காண இயலாது. ஒருவன் தன் குழந்தைப் பருவத்தை மீண்டும் காண்பதற்கில்லை. ஆயினும் பிற குழந்தைகளைக் கண்டு, தானும் இங்ஙனமே தவழ்ந்து வளர்ந்திருத்தல் வேண்டும் என அறியலாம். அதுபோல, இளமைப் பருவத்திலுள்ள பிற விண்மீன்களைக் கண்டால் நம் ஞாயிற்றின் இளமையை அறியலாம் அன்றோ? ஆகவே அறிஞர் இளைய விண்மீன்களை நாடினர்.

நாடியவர்க்கு இடையூறுகள் பல எதிர்ப்பட்டன. விண்மீனைப் போலத் தூசு தானே கண்ணுக்குத் தெரியும் ஒளியை வீசுவதில்லை. அது மிகக் குளிர்ந்தது. விண்மீனின் ஒளி அதன்மேற்பட்டுச் சிறிது சிதறினும், அவ்விண்மீனின் பேரொளி அச்சிற்றொளியை விழுங்கிவிடும். கலங்கரை விளக்கின் அருகே பறக்கும் மின்மினியை நெடுந்தொலைவிலிருந்து காண முடியுமோ? அன்றியும், பிறந்து நெடுநாள் ஆகாத விண்மீன்கள் தாம் பிறந்த தூசு முகிலினுள்ளேயே மறைந்து கிடக்கின்றன. நம் கண்ணொளிக்கு அம்முகில் ஒரு திரையாக நிற்கின்றது. இவ்விடையூறுகளை நீக்குவதற்குத் துணையாயது, கண்ணுக்குப் புலனாகாத ஓர் ஒளி.

அவ்வொளியைக் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்பவர். அவர் செருமனியில் ஹானோவர் நகரில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். இசைவாணராக வாழ்க்கையைத் தொடங்கி, பின்னர் வானநூலில் ஈடுபட்டு, 1781ஆம் ஆண்டில் யுரேனஸ் என்னும் கோளைக் கண்டவர். 1800ஆம் ஆண்டில் அவர் ஞாயிற்றின் கதிரை முப்பட்டகக் கண்ணாடியின் வழியே செலுத்தினார். அது பல நிறங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு நிறத்தின்மீதும் வெப்பமானியை வைத்து அவற்றின் வெம்மையை அளந்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெம்மை மிகுந்து காணப்பட்டது. பிறகு, சிவப்புக்கும் அப்பால், எந்த நிறமும் தோன்றாத வெற்றிடத்தில் வெப்பமானியை வைத்தார். அங்கே வெம்மை முன்னினும் மிகுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர்களும் ஞாயிற்றின் ஒளியில் உள்ளன என்பது அதனால் விளங்கிற்று. அக்கதிர்களையே இன்று அகச்சிவப்புக் கதிர்கள் என வழங்குகின்றோம்.

கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பு முதலில் வெண்மை கலந்த மஞ்சளாக ஒளிரும். ஆற ஆறச் சிவப்பாகும். பின்னர் அதன் ஒளி மறைந்து கருமையாகும். கருத்தபின்னும் அதன் அருகே கையைக் கொண்டு சென்றால் வெம்மை தாக்கும். ஒளி மறைந்ததேயன்றிக் கதிர் மறையவில்லை. நீறு பூத்த நெருப்பு என்று நாம் கூறுவதும் இத்தகையதே. பொருள் எவ்வளவுக்கு எவ்வளவு குளிர்கின்றதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதன் கதிர்களின் அலை நீளும். மீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை மைக்ரான் என்பர். ஞாயிறு மிகுதியாக வீசும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ அரை மைக்ரான் ஆகும். நம் உடல் வீசும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ 10 மைக்ரான். நீர் உறையும் நிலைக்குக் கீழே 190 பாகை அளவு குளிர்ந்த தூசும் கதிர் வீசாமல் இருப்பதில்லை. அதன் அலைநீளம் 30 மைக்ரானுக்கும் மேற்படும். ஆகவே, கண்ணுக்கு இருளாகத் தோன்றும் தூசு அகச்சிவப்புக் கருவிக்கு ஒளிர்பொருளாகத் தோன்றும். நீண்ட அலைகளுக்குத் தூசுத் திரையும் பெருந்தடையாவதில்லை. ஏரியின் பேரலை, நீரில் நிற்கும் மெல்லிய கோரைத் தண்டைப் பொருட்படுத்தாது கடந்து செல்வதைப் போல, அகச்சிவப்பு அலைகள் நுண்ணிய துகள்களைக் கடந்து வெளிவரும்.

ஆனால் அக்கதிர்களைப் பெறுவதும் எளிதன்று. நம் காற்று மண்டலத்திலுள்ள நீராவி அவற்றுள் பெரும்பகுதியை உறிஞ்சிவிடுகின்றது. காற்றும், தொலைநோக்கியும், அதனைத் தாங்கும் கட்டடமும் தம் வெம்மையால் அகச்சிவப்புக் கதிரை வீசுகின்றன. எரியும் விளக்குகளாலேயே கட்டிய மாளிகையில் இருந்துகொண்டு, தொலைவிலுள்ள ஒரு சிறு விளக்கைத் தேடுவது போன்றது இம்முயற்சி. ஆதலின் அறிஞர், ஈரமற்ற உயர்ந்த மலைகளை நாடிச் சென்றனர். ஹவாய்த் தீவில் 4,200 மீட்டர் உயரமுள்ள மௌனா கியா என்னும் மலையுச்சியிலும், தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் வறண்ட மலைகளிலும் பெருந்தொலைநோக்கிகளை அமைத்தனர். பின்னர்க் காற்று மண்டலத்தையே கடந்து விண்வெளிக்குச் சென்றனர்.

அமெரிக்கா, நெதர்லாந்து, பிரிட்டன் ஆகிய மூன்று நாடுகளும் கூடி, ஐராஸ் என்னும் துணைக்கோளை 1983ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 25ஆம் நாள் விண்ணில் செலுத்தின. அதில் 57 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள தொலைநோக்கி இருந்தது. அது தன் வெம்மையால் தானே ஒளிராதவாறு நீர்ம ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்டிருந்தது. அந்த ஹீலியம் தீரும்வரை, ஏறத்தாழப் பத்துத் திங்கள் அது பணி புரிந்தது. வான் முழுமையையும் அகச்சிவப்பில் ஆராய்ந்த முதற்கருவி அதுவேயாகும்.

அக்கருவியைச் சரிபார்க்கும் பொறுப்பு ஹார்ட்மட் ஆமன், பிரெட் கில்லெட் என்னும் இரு அறிஞர்க்கு இருந்தது. வணிகர் எடைக்கல்லைக் கொண்டு பண்டத்தை நிறுப்பது போல, வானநூலார் ஒளி நன்கறியப்பட்ட சில விண்மீன்களைக் கொண்டு பிற விண்மீன்களின் ஒளியை மதிப்பிடுவர். வடநூலார் அபிஜித்து என்றும், மேனாட்டார் வேகா என்றும் வழங்கும் விண்மீன் அத்தகைய எடைக்கற்களுள் தலையாயது. 25 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அம்மீன் எவ்வளவு அகச்சிவப்பை வீசும் என்பதைக் கணக்கிட்டு வைத்திருந்தனர். ஆனால் நீண்ட அலைகளில், கணக்கிட்டதைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியான கதிர் வந்தது. எடைக்கல்லே எடை மிகுந்து நின்றது! அறிஞர் முதலில் தம் கருவியையே ஐயுற்றுச் சோதித்தனர். கருவியில் பிழையில்லை. ஆகவே, வேகாவைச் சுற்றிலும் குளிர்ந்த தூசு இருத்தல் வேண்டும். அது விண்மீனின் ஒளியை உண்டு, அகச்சிவப்பாக உமிழ்தல் வேண்டும் என்று துணிந்தனர். வேறு சில விண்மீன்களிலும் அவ்வாறே மிகுகதிர் காணப்பட்டது.

கோள்களைக் காண இயலாத தொலைவிலிருந்து தூசை மட்டும் காண முடிவது எவ்வாறு என நீங்கள் கேட்கலாம். வகுப்பறையில் ஒரு சிறு சுண்ணக்கட்டி மேசைமேற் கிடந்தால் அறையின் மறுகோடியிலிருந்து அது கண்ணிற் படுவது அரிது. அதனையே தூளாக்கிக் காற்றில் தூவினால் அறை முழுவதும் வெண்புகை சூழ்ந்தாற்போலத் தோன்றும். பொருளின் எடை மிகவில்லை; அதன் மேற்பரப்பே பெருகிற்று. கதிரை ஏற்பதும் உமிழ்வதும் மேற்பரப்பேயாதலால், ஒரு கோளினும் அதனிற் சிறிய அளவு தூசு மிகுதியாக ஒளிர்கின்றது.

ஐராஸ் கண்டது மிகுகதிரையேயன்றி வட்டின் உருவத்தை அன்று. புகை கண்டாயிற்று, நெருப்பைக் காணவேண்டும். அதனைக் காட்டியவர் அமெரிக்க அறிஞராகிய பிராட்போர்டு சுமித், ரிச்சர்டு டெரில் என்னும் இருவர். ஞாயிற்றின் பேரொளி கண்ணைக் கூசச் செய்யும்போது, நாம் அதனை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அயலிலுள்ள பொருளை நோக்குவோம். இம்முறையைப் பின்பற்றிப் பிரெஞ்சு அறிஞர் பெர்னார்டு லியோ என்பவர், ஞாயிற்றின் சுடர்முடியைக் கிரகணம் இல்லாத காலத்திலும் காண்பதற்கு 1930ஆம் ஆண்டளவில் ஒரு கருவி அமைத்திருந்தார். தொலைநோக்கியினுள் ஒரு சிறு தடுப்பை வைத்து நடுவிலுள்ள பேரொளியை மறைப்பதே அதன் இயல்பு. சுமித்தும் டெரிலும் அத்தகைய கருவியைச் சிலி நாட்டின் லாஸ் காம்பானாஸ் மலையிலுள்ள இரண்டரை மீட்டர் தொலைநோக்கியில் பொருத்தினர். 1984ஆம் ஆண்டில், சிவப்பின் எல்லையை அடுத்த அகச்சிவப்பு ஒளியில், பீட்டா பிக்டோரிஸ் என்னும் விண்மீனைப் படம் பிடித்தனர். அது தென்வானில் அகத்திய மீனுக்கு அருகே, 63 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதன் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு; விண்மீன்களின் வாழ்நாளை நோக்க அது குழந்தைப் பருவமே.

அப்படத்தில் மறைப்பின் இருபுறமும் நீண்ட கோடு ஒன்று தோன்றிற்று. தாம்பாளத்தை மேலிருந்து நோக்கினால் வட்டமாகத் தோன்றும். விளிம்புக்கு நேரே கண்ணை வைத்து நோக்கினால் கோடாகத் தோன்றும். பீட்டா பிக்டோரிசின் வட்டு நமக்குத் தன் விளிம்பைக் காட்டி நிற்கின்றது. ஞாயிற்றுக்கும் நிலவுலகத்துக்கும் இடையேயுள்ள தொலைவு 15 கோடி கிலோமீட்டர். அதனைப்போல் 400 மடங்கு தொலைவுக்கு அவ்வட்டு ஒவ்வொரு புறமும் பரந்திருந்தது. தூசு அவ்விண்மீனை உருண்டையாகச் சூழவில்லை, தட்டையாகவே சூழ்ந்தது. காண்டும் லாப்லாசும் கருதியதை மாந்தர் தம் கண்ணாற் கண்டனர்.

இங்கே நுட்பமான செய்தி ஒன்றும் உண்டு. இத்தகைய வட்டுகளிலுள்ள நுண்துகள்கள் நெடுங்காலம் நிலைத்திருக்க மாட்டா. விண்மீனின் ஒளியே மிக நுண்ணியவற்றைத் தள்ளி வெளியேற்றிவிடும். சற்றுப் பெரியவை மெல்ல மெல்ல உட்சுழன்று விண்மீனில் வீழும். அவை மறைவதற்கு ஆகும் காலம் விண்மீனின் வயதினும் மிகக் குறைவு. அங்ஙனமாயின் இன்று நாம் காணும் தூசு எங்கிருந்து வந்தது? வற்றும் குளத்தில் நீர் குறையாதிருக்கக் கண்டால், அதனுள் ஊற்று உண்டு என்று உணர்கின்றோம். அதுபோல, அவ்வட்டினுள் தூசைத் தோற்றுவிக்கும் பெரும் பொருள்கள் இருத்தல் வேண்டும். வால்மீன்களையும் சிறுகோள்களையும் ஒத்த பாறைகளும் பனிக்கட்டிகளும் ஒன்றோடொன்று மோதி உடைந்து தூசாகின்றன என்பதே அறிஞர் துணிபு. ஆகவே, கோள்கள் ஆவதற்குரிய முதல் தூசு ஒருவகை. திரண்ட பொருள்கள் உடைந்து உண்டாகும் தூசு மற்றொரு வகை. வேகாவிலும் பீட்டா பிக்டோரிசிலும் கண்டது இரண்டாம் வகையாகும். வீட்டிலிருந்து உளியோசை கேட்டால் உள்ளே தச்சர் உளர் என அறிவது போல, அத்தூசைக் கண்டு ஆங்கே பெரும் பொருள்கள் உள்ளன என அறிகின்றோம்.

1998ஆம் ஆண்டில் மற்றொரு வட்டின் படம் கிடைத்தது. எச்.ஆர். 4796 ஏ என்னும் எண்ணால் வழங்கும் விண்மீன், ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு வயதுடையது. அதனை இரு குழுவினர் தனித்தனியே ஆராய்ந்தனர். டேவிட் கெர்னர் என்பவரின் குழுவினர் மௌனா கியாவிலுள்ள 10 மீட்டர் கெக் தொலைநோக்கியைக் கொண்டும், இலங்கையிற் பிறந்து அக்காலத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ரே ஜயவர்தன என்பவரின் குழுவினர் சிலியிலுள்ள 4 மீட்டர் தொலைநோக்கியைக் கொண்டும் அவ்விண்மீனை நோக்கினர். இவர்கள் பதிவு செய்தது சிதறிய ஒளியை அன்று. தூசு தானே வீசிய வெப்பக் கதிரையேயாம். விண்மீனை அடுத்துள்ள பகுதி கூட்டிப் பெருக்கியதுபோல் வெறுமையாக இருந்தது. தூசு தொலைவில் வளையமாக நின்றது. உட்பகுதியைப் பெருக்கியவை கோள்களாக இருக்கலாம் என அறிஞர் கருதினர். வளர்ந்துவரும் கோள் தன் வழியிலுள்ள தூசைத் தன்பால் ஈர்த்தும் அகற்றியும் இடைவெளி உண்டாக்கும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை பின்னர் மெய்ப்பட்டது. பீட்டா பிக்டோரிசின் வட்டில் உட்பகுதி சிறிது கோணியிருத்தலை 1990களில் கண்டனர். காணப்படாத கோள் ஒன்று அதனை ஈர்த்துக் கோணச் செய்கின்றது என்று சிலர் கணித்தனர். ஆன்-மரி லக்ராஞ்சு என்னும் பிரெஞ்சு அம்மையாரின் குழுவினர், சிலியிலுள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கியால் 2003ஆம் ஆண்டில் எடுத்த அகச்சிவப்புப் படங்களில் ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டு, அதனை 2008ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு படத்தைக் கொண்டு முடிவு கூறல் ஆகாது. அது பின்னணியிலுள்ள வேறொரு விண்மீனாகவும் இருக்கலாம் அன்றோ? 2009ஆம் ஆண்டில் மீண்டும் நோக்கியபொழுது, அப்புள்ளி விண்மீனின் மறுபுறத்தில் இருந்தது. அது சுற்றி வரும் கோளே என்பது உறுதியாயிற்று. பிறந்த வெம்மை இன்னும் ஆறாமையால் அக்கோள் அகச்சிவப்பில் ஒளிர்கின்றது.

2018ஆம் ஆண்டில் இன்னும் வியப்பான காட்சி கிடைத்தது. 370 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பி.டி.எஸ். 70 என்னும் விண்மீன் ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டு வயதுடையது. அதனைச் சூழ்ந்த வட்டில் ஓர் அகன்ற இடைவெளியும், அவ்விடைவெளியினுள்ளேயே ஓர் இளங்கோளும் அகச்சிவப்புப் படத்தில் காணப்பட்டன. மறு ஆண்டில் இரண்டாம் கோளும் புலப்பட்டது. தொட்டிலில் கிடக்கும் மகவைக் காண்பது போல, வட்டினுள் வளரும் கோளை மாந்தர் கண்டனர்.

காட்சி எனப்படுவன யாவும் மெய்க்காட்சி அல்ல. ஐயக்காட்சி என்றும் திரிபுக்காட்சி என்றும் நம் முன்னோர் அதனை வகுத்துக் கூறினர். அந்தியில் கிடக்கும் கயிற்றைப் பாம்பெனக் கொள்வது திரிபு. இதற்குப் பொமல்ஹாட் என்னும் விண்மீன் தக்க சான்றாகும். வேகாவைப் போலவே அதுவும் 25 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அதனைச் சூழ்ந்த தூசு வளையத்தின் அருகே, 2004ஆம் ஆண்டிலும் 2006ஆம் ஆண்டிலும் ஹபிள் விண்தொலைநோக்கி எடுத்த படங்களில், இடம் பெயரும் ஒளிப்புள்ளி ஒன்று காணப்பட்டது. அது ஒரு கோள் என 2008ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. உலகம் முழுவதும் வியந்தது. ஆனால் ஒரு குறை இருந்தது. பெருங்கோளாயின் அது அகச்சிவப்பில் ஒளிர்தல் வேண்டும். அகச்சிவப்பிலோ அது தோன்றவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அப்புள்ளி மங்கி விரிந்தது. 2014ஆம் ஆண்டுப் படங்களில் முற்றும் மறைந்தது. இரண்டு பெரும் பனிப்பாறைகள் மோதியதால் எழுந்த தூசு முகிலே அது என்று 2020ஆம் ஆண்டில் அறிஞர் விளக்கினர். கோள் எனக் கண்டது தூசாயிற்று. இதனால் ஆராய்ச்சிக்கு இழுக்கு நேர்ந்ததெனக் கருதலாகாது. பழைய முடிபைப் புதிய சான்றால் சோதித்து, பொருந்தாவிடில் கைவிடுவதே அறிவியலின் ஒழுக்கம். அன்றியும், பெரும்பாறைகள் மோதித் தூசாகும் நிகழ்ச்சியை, முன்பு கருதலளவையால் மட்டுமே உணர்ந்ததை, இதனால் காட்சியளவையாலும் பெற்றோம்.

2021ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 25ஆம் நாள் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி செலுத்தப்பட்டது. நிலவுலகிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில், ஐந்தடுக்குத் திரையின் நிழலில் அது நிற்கின்றது. பொன் பூசிய 18 அறுகோணத் துண்டுகளால் ஆகிய அதன் ஆடி 6.5 மீட்டர் குறுக்களவுடையது. அதிலுள்ள அகச்சிவப்புக் கருவிகளுள் ஒன்று, நீர் உறையும் நிலைக்குக் கீழே 266 பாகை அளவு குளிர்விக்கப்பட்டுள்ளது. அக்கருவி பொமல்ஹாட்டைச் சுற்றி ஒன்றனுள் ஒன்றாக மூன்று தூசு வளையங்கள் இருத்தலை 2023ஆம் ஆண்டில் காட்டிற்று. வேகாவின் வட்டோ, 2024ஆம் ஆண்டில் வெளிவந்த படங்களில், பெரிதும் மேடுபள்ளமின்றிச் சமமாகப் பரந்து காணப்பட்டது. வயதாலும் இயல்பாலும் ஏறத்தாழ ஒத்த இவ்விரு விண்மீன்களின் வட்டுகள் இவ்வாறு வேறுபடுவது ஏன் என்பதை அறிஞர் ஆராய்ந்து வருகின்றனர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளும் ஒரே தன்மையராய் வளர்வதில்லையே!

முதல் வகைத் தூசும் வளியும் நிறைந்த வட்டு பெரும்பாலும் ஒரு கோடி ஆண்டுக்குள் கலைந்துவிடுகின்றது என இவ்வாராய்ச்சிகளால் அறிகின்றோம். ஒரு கோடி ஆண்டு என்பது நமக்கு நெடுங்காலம். விண்மீனுக்கு அது சிறுபொழுது. ஞாயிற்றின் இதுவரையான வயதை ஒரு மனிதனுடைய அறுபது ஆண்டாகச் சுருக்கிக் காண்போமாயின், அவ்வட்டு இருந்த காலம் ஏறத்தாழ 48 நாள், அஃதாவது ஒரு மண்டலமே ஆகும். அக்குறுகிய காலத்துக்குள் வியாழன், சனி போன்ற பெருங்கோள்கள் தமக்கு வேண்டிய வளியைத் திரட்டிக்கொண்டன. நிலவுலகமாகத் திரண்ட கற்களும் அவ்வட்டின் தூசிலிருந்தே தோன்றின. நாம் உழும் மண்ணும், ஏறும் மலையும், நம் குருதியிலுள்ள இரும்பும் ஒருகால் ஞாயிற்றைச் சூழ்ந்து சுழன்ற தூசாக இருந்தவையே. தூசு என்று நாம் எளிதாகத் துடைத்தெறியும் பொருளுக்கு இத்துணைப் பெருமை உண்டு.

மாணவர்களே, மழையில்லாத குளிர்கால இரவில், தென்வான் மறைவின்றித் தெரியும் வெளியில் நின்று நோக்குங்கள். அகத்திய மீன் பேரொளியுடன் விளங்கும். அதனை அடுத்து மங்கலாகத் தோன்றும் சிறு மீன்களுள் ஒன்றே பீட்டா பிக்டோரிஸ். அதன் வட்டை நம் வெறுங்கண் காணாது. ஆயினும், அம்மங்கிய ஒளியைச் சூழ்ந்து பாறைகள் மோதுகின்றன, தூசு சுழல்கின்றது, கோள் விரைகின்றது என்பதை நாம் இன்று அறிவோம். கண் காணாதது இல்லை என்று மறுப்பதும், கண்டதெல்லாம் உண்மை என்று நம்புவதும் ஒருங்கே தவறாகும். கருதியதைக் கண்டு தெளிதலும், கண்டதை மீண்டும் ஆராய்ந்து தெளிதலும் கல்வியின் பயனாம்.